தானே துளையிடும் திருகாணி

தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடைக் கூரையையோ சரக்குக் கிடங்கின் கூரையையோ அண்ணாந்து பார்த்தால், நெளிவுள்ள எஃகுத் தகடுகள் வரிசையாகத் தெரியும். அத்தகடுகளை அடியிலுள்ள எஃகுச் சட்டங்களோடு பிணைத்து நிறுத்துபவை, விரல் நீளமே உள்ள திருகாணிகள். பணியிடங்களில் இவற்றைச் ‘செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ’ என்பர். தானே துளையிடும் திருகாணி என்பது இதன் பொருள்.

மூன்று வேலைகள்

முற்காலத்தில் கூரைத் தகடுகளைக் கொக்கி போன்ற ஆணிகளால் பொருத்தினர். முதலில் தகட்டில் துளையிட வேண்டும். பின்பு ஆணியைச் செருகி, மரையை முடுக்க வேண்டும். சாதாரணத் திருகாணிக்கும் துளை முன்னரே இருத்தல் வேண்டும். தானே துளையிடும் திருகாணியோ துளையிடுதல், புரி வெட்டுதல், இறுக்குதல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது.

இதன் முனை துளைப்பொறியின் அலகு போன்றது. அதிலுள்ள இரு வெட்டுவிளிம்புகள் எஃகைச் சீவுகின்றன. சீவப்பட்ட துகள்கள் பக்கப் பள்ளங்களின் வழியே வெளியேறுகின்றன. முனைக்கு மேலே சுருள்வடிவில் புரிகள் உள்ளன. உச்சியில் அறுகோணத் தலையும், அதன் அடியில் செயற்கை ரப்பர் ஒட்டிய வளையமும் உள்ளன.

வரிசை தவறலாகாது

இத்திருகாணியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. முனை எஃகை முழுவதும் துளைத்த பின்னரே புரி எஃகைத் தொட வேண்டும். ஏன்? முனை ஒரு சுற்றில் மிகச் சிறிதளவே எஃகைச் சீவும். புரியோ ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் முன்னேற முயலும். துளை முடிவதற்குள் புரி பற்றிக்கொண்டால், அது முனையை அளவுக்கு மீறி அழுத்தும். அப்போது முனை மழுங்கும். அல்லது திருகாணியே ஒடியும்.

எனவே, துளைக்க வேண்டிய மொத்தத் தடிமனைவிட முனையின் நீளம் மிகுதியாக இருத்தல் வேண்டும். தகடு, சட்டம், இடையிலுள்ள இடைவெளி ஆகிய அனைத்தையும் கணக்கிட வேண்டும். முனைகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. கூரை வேலையில் பயன்படும் 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகாணியில், மூன்றாம் எண் முனை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரையும், ஐந்தாம் எண் முனை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் வரையும் எஃகைத் துளைக்கும். பொறியை மிகு வேகத்தில் சுழற்றினால் முனை சூடேறிக் கருகிவிடும்.

நீரும் துருவும்

துளையிட்ட இடத்தில் மழைநீர் கசியாமல் காப்பது ரப்பர் வளையம். தளர்வாக முடுக்கினால் நீர் புகும். அளவு மீறி முடுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கிழியும். வளையத்தைச் சுற்றி ரப்பர் சிறிதளவு சீராகத் தெரிவதே சரியான இறுக்கம். கூரைமீது சிதறிய எஃகுத் துகள்களை அன்றே பெருக்கி அகற்ற வேண்டும். இல்லையேல் அவை துருப்பிடித்துத் தகட்டையும் கெடுக்கும்.

கடற்கரைப் பகுதிகளில் துருப்பிடிக்கா எஃகுத் திருகாணிகள் ஏற்றவை. ஆயினும், அவ்வகை எஃகு பிற எஃகைத் துளைக்குமளவு கடினமானதன்று. ஆகையால், உடலைத் துருப்பிடிக்கா எஃகாலும் முனையைக் கடினமாக்கிய கரிம எஃகாலும் அமைத்து இணைக்கின்றனர்.

காற்றை எதிர்க்கும் காவல்

காற்று கூரையின்மேல் விரைந்து வீசும்போது மேற்புற அழுத்தம் குறைகிறது; தகடு மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இவ்விழுப்பு கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மிகுதி. அதனால் அங்குத் திருகாணிகளை நெருக்கமாகப் பொருத்துகின்றனர். 2019 மே 3 அன்று ஒடிசாவின் பூரிக்கு அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தபோது, பல கூரைகள் பெயர்ந்தன. பறக்கும் தகடு வாளினும் கொடியது. பார்வைக்குப் புலப்படாத திருகாணியைத் தொழிலாளர் ஒருவர் சரியாகத் தேர்ந்து, அளவறிந்து முடுக்குவது, கூரையின்கீழ் இருப்போரின் உயிரையும் காக்கும் செயலாகும்.

சொல்லும் பொருளும்

புரி – திருகாணியின் சுருள் வரை
மரை – ஆணியின் நுனியில் திருகி இறுக்கும் உறுப்பு
முடுக்குதல் – திருகி இறுக்குதல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: திருகாணி, மழைநீர்.
2. துளை முடியும்முன் புரி எஃகைப் பற்றினால் நிகழ்வது யாது?
3. 0.5 மில்லிமீட்டர் தகட்டை 6 மில்லிமீட்டர் சட்டத்தில் பொருத்த மூன்றாம் எண் முனை போதுமா? காரணம் கூறுக.
4. கூரையின் ஓரங்களில் திருகாணிகளை நெருக்கமாகப் பொருத்துவது ஏன்?
5. உங்கள் வீட்டிலுள்ள கருவிகள் ஐந்தின் தமிழ்ப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.