தரவரிசையில் கொச்சி, கொச்சியில் மட்டாஞ்சேரி

ஒரு நகரில் மக்கள் எவ்வளவு நலமாக வாழ்கின்றனர் என்பதை எண்ணால் அளந்து கூற இயலுமா? இயலும் என்று கருதுவோரின் எண்ணிக்கை உலகெங்கும் பெருகி வருகிறது. ஆக்ஸ்போர்டு எகனாமிக்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் உலகின் 1000 நகரங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. மொத்த மதிப்பெண்களில் இந்திய நகரங்களுள் முதலிடம் பெற்றது டில்லி. ஆயினும், வாழ்க்கைத்தரம் என்ற பிரிவை மட்டும் தனியே நோக்கினால் திருச்சூர் 757-ஆம் இடத்தையும், கொச்சி 765-ஆம் இடத்தையும் பெற்றிருந்தன. டில்லிக்குக் கிடைத்தது 838-ஆம் இடம். மும்பைக்கு 915-ஆம் இடம்.

தலைநகரையும் வணிகப் பெருநகரையும் முந்திவிட்டோம் என்று கொச்சி நகரத்தார் பெருமை கொண்டது இயல்பே. ஆனால் ஆயிரத்தில் 765 என்பது கடைசிக் கால் பகுதியில் அமைந்த இடம் என்பதைப் பெருமை பேசியோர் அவ்வளவாக நினைவூட்டவில்லை!

கேரளத்திற்கு இத்தகைய பெருமை புதிதன்று. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1975-இல் ஐக்கிய நாடுகள் சபைக்காகத் தயாரித்த ஆய்வு, தனிநபர் வருமானம் குறைந்த ஒரு மாநிலம் எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் முன்னிற்க முடியும் என்பதை உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. வருமானம் வேறு, வாழ்வு வேறு என்ற கருத்து அன்று வலுப்பெற்றது. இன்றைய தரவரிசைகளும் அக்கருத்தின் வழித்தோன்றல்களே. மாநிலத்திற்குப் பொருந்திய அளவுகோல் ஒரு நகரத்திற்கும், அதனுள் அடங்கிய ஒரு பேட்டைக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதே இன்றைய வினா.

அளவுகோலும் எல்லையும்

நம் மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகமும் ‘எளிதாக வாழ்தல்’ குறியீடு ஒன்றை 2018-இல் வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டுக்குரிய அடுத்த குறியீடு 2021 மார்ச்சில் வெளிவந்தது. அதில் 111 நகரங்கள் இடம்பெற்றன. வாழ்க்கைத்தரத்திற்கு 35 விழுக்காடு, பொருளாதார ஆற்றலுக்கு 15 விழுக்காடு, நிலைத்த வளர்ச்சிக்கு 20 விழுக்காடு என மதிப்பு பகிர்ந்தளிக்கப்பட்டு, எஞ்சிய 30 விழுக்காடு மக்களின் கருத்துக்கே ஒதுக்கப்பட்டது. சுமார் 32 லட்சம் பேர் கருத்துத் தெரிவித்தனர்.

மக்களைக் கேட்டறிவது வரவேற்கத்தக்கதே. எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. நாளேடு படித்து, வட்ட உறுப்பினரை வழிமறித்துக் கேள்வி கேட்டுப் பழகிய ஊரில் குறைகூறுவது அன்றாட வழக்கம். ஒரே அளவு குடிநீர் பெறும் இரண்டு ஊர்களில், உரிமை கேட்கப் பழகிய ஊரே குறைந்த மதிப்பெண் பெறக்கூடும்.

எல்லை பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய நகராட்சிகளையும் அண்டைப் பகுதிகள் சிலவற்றையும் இணைத்து 1967 நவம்பர் 1-ஆம் நாள் கொச்சி மாநகராட்சி அமைக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் சுமார் 6 லட்சம் பேர். சுற்றியுள்ள நகர்த்தொகுதி முழுவதிலும் வாழ்ந்தோர் 21 லட்சத்துக்கும் மேல். ஆகவே 2020 குறியீட்டில் கொச்சி, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுடன் சேர்க்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்த காக்கநாடு, திருக்காக்கரை நகராட்சியைச் சேர்ந்தது. விமான நிலையமோ நெடும்பாசேரியில் உள்ளது. ஊரார் கொச்சி என்று சொல்வது ஒன்று, குறியீடு கொச்சி என்று கொள்வது மற்றொன்று.

உப்பங்கழியின் மேற்குக் கரை

எல்லைக்கு வெளியே இருப்பவை கணக்கில் வாராமல் போவது போலவே, உள்ளே இருப்பவை சராசரியில் மறைந்து போவதும் உண்டு. மட்டாஞ்சேரியே இதற்குச் சான்று. போர்த்துகீசியர் 1555-இல் கட்டிக்கொடுத்த அரண்மனையும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் இங்குள்ளன. பண்பாட்டுச் சின்னங்களை எண்ணும் அளவுகோலில் இவை மதிப்பெண் பெற்றுத் தரும். இவற்றின் பின்புறமுள்ள நெருக்கமான குடியிருப்புகளுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

மிளகும் இஞ்சியும் நிறைந்த பண்டகசாலைகளால் வாழ்ந்த ஊர் இது. 1920-இல் வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ துறைமுக வாயிலை ஆழப்படுத்தி, வில்லிங்டன் தீவை உருவாக்கினார். கப்பல் வணிகம் மெல்ல மெல்ல அங்கே பெயர்ந்தது. துறைமுகத் தொழிலாளருக்கு அன்றாட வேலை, கூட்டத்தின் நடுவே எறியப்படும் ‘சாப்பா’ என்ற உலோக வில்லையால் தீர்மானிக்கப்பட்டது. அதனைப் பிடித்தவனுக்கு வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. இம்முறையை எதிர்த்து 1953-இல் மட்டாஞ்சேரியில் நடந்த போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து உயிர்களைப் பலி கொண்டது. பின்னர்ச் சரக்குப் பெட்டக முறை பரவியபோது சுமை தூக்கும் வேலையும் சுருங்கியது. 2011-இல் பெட்டக முனையம் வல்லார்பாடத்திற்கே சென்றுவிட்டது. வேலை போனது, குடியிருப்பு நெருக்கம் போகவில்லை.

கல்வத்தி, இராமேசுவரம் வாய்க்கால்கள் கடலின் ஏற்றவற்றத்திற்கு உட்பட்டவை. ஏற்றத்தின்போது மழை பெய்தால் நீர் வடிய வழியின்றித் தாழ்ந்த தெருக்களில் தேங்குகிறது. தேங்கிய நீரும் கொசுவும் இப்பகுதியின் பழைய பகை. ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்கு ஆங்கிலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வழங்கியது. அண்மையிலுள்ள வெளி என்னுமிடத்தில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினர் எனக் கூறப்படும் வண்ணார் குடும்பங்கள் பொதுச் சலவைத்துறையில் இன்றும் தொழில் செய்கின்றன. தூய நீரும் வெயில் படும் திறந்த வெளியும் அவர்களுக்கு வசதிகள் அல்ல, பிழைப்பு.

மாற்றமே இல்லை என்பதன்று. 2016-இல் திறன்மிகு நகரத் திட்டத்தின் முதல் 20 நகரங்களுள் கொச்சி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, மட்டாஞ்சேரியும் திட்டப் பகுதியுள் சேர்க்கப்பட்டது. துருத்தியில் 394 குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகள் 2025-இல் திறக்கப்பட்டன. ஆனால் அவற்றின் தொடக்கம் இராஜீவ் வீட்டுவசதித் திட்டக் காலத்தது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிப் படிப்பை முடிக்குமளவு காத்திருப்பு அது. நீர்வழி மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. மட்டாஞ்சேரி முனையம் திறக்கப்பட்டதோ 2025 அக்டோபரில். நகரத்தின் கணக்கேட்டில் 2023-லேயே ‘கொச்சிக்கு நீர்வழிப் போக்குவரத்து உண்டு’ என்று எழுதிவிடலாம். மட்டாஞ்சேரிக்காரர் மேலும் இரண்டரை ஆண்டுகள் காத்திருந்தார்.

2025 மாநகராட்சித் தேர்தலில் கொச்சியில் 76 வட்டங்கள் இருந்தன. நகரத்திற்கு ஒரே இடம் வழங்கும் அட்டவணைக்குப் பதிலாக, குடிநீர் வரும் மணிநேரம், கழிவுநீர் இணைப்பு, ஓர் அறையில் வாழ்வோர் எண்ணிக்கை ஆகியவற்றை வட்டவாரியாக வெளியிட்டால், திருச்சூரோடும் டில்லியோடும் ஒப்பிடுவதைவிட எர்ணாகுளத்தோடு மட்டாஞ்சேரியை ஒப்பிடுவது எளிதாகும். எங்கு முதலில் செலவிடுவது என்பதும் புலப்படும். இதற்கெனப் புதிய ஆய்வு தேவையில்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் பணியில் அறைகள், குடிநீர் ஆதாரம், கழிப்பிடம், கழிவுநீர் வெளியேறும் வழி ஆகியவை வீடுதோறும் கேட்டுப் பதியப்படுகின்றன. அவ்விடைகளை வட்டவாரியாகத் தொகுத்து, மாநகராட்சி அலுவலகத்திலும் அந்தந்த வட்டத்தின் பொது இடத்திலும் மலையாளத்தில் எழுதி வைக்கலாம்.