நாடாவைக் காத்த நானோ மசகு

மினி டிவி எனப்பட்ட சிறிய டிஜிட்டல் கேசட் கேமராக்களைக் கையாண்டவர்களுக்கு இது நினைவிருக்கும். கேசட்டைப் போட்டுவிட்டுப் பதிவு செய்யாமல் காத்திருந்தால், சில நிமிடங்களில் கேமரா தானாகவே ஓய்வுக்குப் போய்விடும். பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் என்று பலர் நினைத்தார்கள். அதுவும் உண்டு. ஆனால் முக்கியமாகக் காப்பாற்றப்பட்டது நாடா.

அந்தக் கேமராவுக்குள் சாய்வாக நிற்கும் ஓர் உருளை நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றுகிறது. அதில் எதிரெதிரே, பதிவு செய்யவும் படிக்கவும் இரண்டு ஹெட்கள். நாடா நகராமல் நின்றாலும் உருளை நிற்காது. எனவே ஒரே இடத்தில் விநாடிக்கு 300 முறை ஹெட் உரசும். ஐந்து நிமிடத்தில் 90,000 உரசல்! நாடாவின் மொத்தத் தடிமன் சுமார் 7 மைக்ரான். அதில் படத்தைத் தாங்கும் உலோகப் படலம் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

பழைய நாடாக்கள் வேறு வகை. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் 1928-ல் காப்புரிமை கோரிய காலத்திலிருந்து, காந்தத் துகள்களைப் பிசினில் குழைத்துப் பூசுவதே வழக்கம். பிசின் இடத்தை அடைத்துக்கொள்வதால் சைகை வலுவிழக்கும். அந்தப் பிசினையே ஒழித்துவிட ஜப்பானிய நிறுவனங்கள் துணிந்தன. வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையால் கோபால்ட்டை ஆவியாக்கி, குளிரூட்டிய உருளையில் ஓடும் பிளாஸ்டிக் பிலிம் மீது சாய்வாகப் படியவிட்டார்கள். குளிர்ச்சி இல்லாவிட்டால் பிலிம் வெந்து போகும். 1989-ல் வந்த ஹை8 கேசட்டிலும், 1995-ல் வந்த மினி டிவியிலும் இந்த உலோக நாடா இடம்பிடித்தது.

சிக்கலும் அதோடு வந்தது. பிசின் பூச்சு எண்ணெயில் ஊறிய பஞ்சு மாதிரி. மேலே தேயத் தேய, நுண்துளைகளிலிருந்து மசகு கசிந்து வரும். உலோகப் படலத்தில் அப்படிச் சேமித்து வைக்க இடமில்லை. மேலே பூசியதை ஹெட் துடைத்துவிட்டால் அதோடு தீர்ந்தது.

அப்படியானால் தாராளமாகப் பூசலாமே? முடியாது. மினி டிவியில் பதியும் மிகச் சிறிய அலைநீளம் ஏறக்குறைய அரை மைக்ரான். ஹெட்டுக்கும் படலத்துக்கும் நடுவே வெறும் 50 நானோமீட்டர் இடைவெளி கூடினாலே, திரும்பப் படிக்கும்போது சைகை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதோடு மசகு மிகுந்தால் நாடா உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் மோசம். ஏசி மண்டபத்திலிருந்து புழுக்கத்துக்கு வந்த கேமரா ஈர எச்சரிக்கை காட்டி இயங்க மறுப்பதை நம் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

ஆகவே முதலில் சுமார் 10 நானோமீட்டருக்குக் கடினமான கார்பன் பூச்சு. அதன் மேல் சில நானோமீட்டருக்கு ஃபுளோரின் கலந்த மசகு. மூலக்கூறின் முனை பரப்பைப் பற்றிக்கொள்கிறது; ஃபுளோரின் நிறைந்த சங்கிலி வழுக்கலைத் தருகிறது. பற்றவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். முரணான இந்த இரண்டையும் ஒரே மூலக்கூறில் அமைத்த வேதியியலாளர்களுக்கு உரிய பெருமை இன்னும் கிடைக்கவில்லை என்பேன்.

வீட்டு கேமராக்களிலிருந்து நாடா மறைந்தாலும் ஆய்வு நிற்கவில்லை. 2017-ல் ஐபிஎம்மும் சோனியும் சேர்ந்து, உலோகப் படல நாடாவில் ஒரு சதுர அங்குலத்துக்கு 201 ஜிகாபிட் பதிந்து காட்டின. உள்ளங்கையில் அடங்கும் ஒரே கேசட்டில் 330 டெராபைட் சேமிக்க வழிதரும் அடர்த்தி அது. சோனி அதற்காகவே புதிதாக ஒரு மசகை உருவாக்கியது.

உங்கள் பீரோவிலும் இத்தகைய கேசட்டுகள் கிடக்கலாம். அவற்றை ஓட்டும் கேமராக்கள் அருகி வருகின்றன; அந்தக் கேமராக்களை இணைக்கும் ஃபயர்வயர் துளை புதிய கணினிகளில் இல்லை. ஈரமில்லாத நாளில், ஹெட்டைச் சுத்தம் செய்தபின், நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள். சும்மா பார்ப்பதற்கென்று ஓட்ட வேண்டாம். முதல் ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிடுங்கள்.