சிவப்பு மண்ணும் ரோடும்

மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் ரோட்டுக்காக வெட்டிய சரிவுகளில் மண் செக்கச்செவேலென்று நிற்கும். பார்க்கிறவர்கள் ‘நல்ல கெட்டி மண்’ என்பார்கள். ரோட்டு வேலைக்கு மண் சோதிக்கும் ஆய்வகத்தில் காலம் தள்ளுகிற நான் அந்த நிறத்தை நம்புவதில்லை.

அடியில் கிடக்கும் கிரானைட்டும் நைஸ் பாறையும் மழையிலும் வெயிலிலும் மக்கி உண்டான மண் இது. சிலிக்காவை மழை கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. மலப்புறம் பக்கம் அங்காடிப்புறத்தில் பிரான்சிஸ் புக்கானன் பார்த்து 1807இல் எழுதிய செம்புராங்கல்லும் இதே வழியில் வந்ததுதான். அங்கே ஈரத்தோடு வெட்டிய கல் காற்றுப்பட்டு இறுகும், வீடே கட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மலை மண்ணும் இறுகும் என்று கணக்குப் போடக் கூடாது.

சோதனையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. மண்ணை உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, காசாகிராண்டே கிண்ணத்தில் வைத்து நடுவே ஒரு கீறல் போடுவோம். 25 தட்டில் கீறல் மூடிக்கொள்ளும் ஈர அளவுதான் நீர்ம வரம்பு. அது கூடக்கூட மண் மோசம். அவசரக்காரர்கள் மாதிரியை 105 டிகிரி ஓவனில் போட்டுவிடுவார்கள். வெப்பமண்டலத்து மண்ணில் பலவற்றுக்கு அந்தச் சூடு ஆகாது. நுண்ணிய களித்துகள்கள் இரும்பு ஆக்சைடோடு ஒட்டி மணிமணியாகிவிடும். பிறகு தண்ணீரில் எவ்வளவு பிசைந்தாலும் முழுசாகப் பிரியாது. நீர்ம வரம்பு குறைவாக வரும். விருந்தாளி வந்ததும் ஒழுங்காகிவிடும் பிள்ளை மாதிரி, ஆய்வகத்தில் மட்டும் நல்ல மண். அதனால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இயற்கை ஈரத்தோடேயே சோதிப்பேன். இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் ஈர மண் சொல்வதுதான் கணக்கு.

அடுத்தது சி.பி.ஆர். என்கிற தாங்குதிறன் சோதனை. அச்சில் இடித்து இறுக்கிய மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, 50 மி.மீ. விட்டமுள்ள தண்டால் அழுத்துவோம். 2.5 மி.மீ. இறங்க 1,370 கிலோ கேட்டால் மதிப்பு நூறு. அது நல்ல ஜல்லிக்கான அளவு, மண்ணுக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கும். இங்கே பெய்கிற மழைக்கு நான்கு நாள் ஊறல் போதுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கரிசல் மண். அங்கே தொல்லை வேறு. பத்து கிராம் மண்ணை ஒரு குடுவையில் மண்ணெண்ணெயிலும் இன்னொன்றில் தண்ணீரிலும் ஒரு நாள் விட்டால், தண்ணீரில் கிடப்பது உப்பி எழும். உப்பல் 50 சதவீதத்தைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலைக் கரைக்கு அந்த மண் ஆகாது. சுண்ணாம்பு கலந்து அடக்கலாம்.

மலையில் ரோட்டைக் காவு வாங்குவது பெரும்பாலும் பக்கத்துச் சரிவுதான். 1924 வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் பழைய ஆலுவா–மூணாறு பாதையையும் கொண்டுபோனது. நேரியமங்கலம் வழியாக வந்த புதுப் பாதைக்கு 1935இல் பாலம் திறந்தார்கள். அகலப்படுத்தும் வேலையின்போது மூணாறு கேப் ரோட்டில் 2019, 2020 ஆண்டுகளில் சரிந்ததை ஊரே பார்த்தது. செங்குத்தாக வெட்டிய மண் காய்ந்திருக்கும்வரை உள்ளிருக்கும் கொஞ்ச ஈரத்தின் இழுவிசையில் நிற்கும். மழை நிரம்பினால் அந்தப் பிடிப்பு போய்விடும்.

ஜீப் ஏறும் என்பதால் ஒப்பந்தக்காரர்கள் மாசியில் மண் எடுக்கச் சொல்வார்கள். சரிவை வெட்டுவதாக இருந்தால் ஆடியிலும் ஒருமுறை எடுக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுப்பேன். மேலே நீர் வடிய ஓடை வெட்டாமல் கீழே இயந்திரம் இறக்கக் கூடாது என்றும்.