விழப்போற பல்லுதானே?

மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் சின்னப் பிள்ளையின் வாயில் சூத்தையைக் கண்டால், "விழப்போற பல்லுதானே, புதுசா முளைக்கும்" என்று உம்மாமார் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல்தான் பிள்ளைக்கு வினையாகிறது. 2015–2016 தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, இலங்கையின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பற்சூத்தை இருந்தது.

எப்போது விழும்?

பால்பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பற்களோ 10 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியவை. மூன்று வயதில் சூத்தை விழுந்தால், அந்தப் பல்லோடு பிள்ளை இன்னும் ஏழெட்டு வருடம் சோறு மெல்ல வேண்டும். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். பிறகு முளைப்பது கோணலாக வரும். வேரில் சீழ் கட்டினால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லும் கெடலாம்.

இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது ஆயுளுக்கும் உரிய பல். பால்பல் என்று நினைத்துக் கவனியாமல் விட்டு, அதையே இழக்கும் பிள்ளைகள் உண்டு.

இரவுப் போத்தல்

சீனி போட்ட பால்மாப் போத்தலை வாயில் வைத்தபடியே பிள்ளை தூங்குகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவு. பால் பல்லிலேயே தேங்கும். கிருமிகள் அந்தச் சீனியை அமிலமாக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக் காக்கிறது, மேல் முன்பற்கள்தான் முதலில் கரையும். பகலில் இடைக்கிடை கொடுக்கும் டொபியும் பிஸ்கட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு வயதோடு போத்தலை நிறுத்திக் கோப்பைக்குப் பழக்குங்கள்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

முரசு ஓரத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே சூத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் குழி விழாமல் தடுக்கலாம். முதல் பல் முளைத்ததிலிருந்து புளோரைட் பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் துலக்க வேண்டும். மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, அதன்பின் ஒரு பட்டாணி அளவு போதும். வாப்பா மிஸ்வாக் செய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பல் சுத்தம் புதிதல்ல. ஆனால் ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்கிவிட வேண்டும்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் நிறை பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பல்லைப் பற்றியும் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பல் காட்டக் காசு கட்டத் தேவையில்லை. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.