ஒளி படாத ஒரு சதவீதம்

பிரான்ஸில் கடைக்குப் போகிறவர் வீட்டிலிருந்து டப்பாவைக் கொண்டுபோய், பருப்போ பாலாடைக்கட்டியோ அதிலேயே போட்டுத் தரச் சொல்லலாம். 2020இல் வந்த கழிவுக் குறைப்புச் சட்டம் அதை ஓர் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. டப்பா பார்வைக்குச் சுத்தமாகவும் வாங்கும் பண்டத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. (எண்ணெய்க்குத் தூக்குவாளியோடு போய்வந்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது; இதற்கெல்லாம் ஒரு சட்டமா என்று அவர்களுக்குத் தோன்றும்.) ஆனால் ஒரு பாக்டீரியாவின் பருமன் மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு, அது இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கடைக்காரராலும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் புற ஊதாப் பெட்டி கடைக்குள் வருகிறது. விளக்கு பொருத்திய பெட்டிக்குள் டப்பாவை வைத்துக் கதவைச் சாத்தினால், கொஞ்ச நேரத்தில் கிருமி நீங்கிவிட்டது என்கிறார்கள். இதன் அறிவியலில் குறையில்லை. ஆனால் கழுவி முடித்த டப்பாவுக்கு, அதுவும் வடிவம் முன்கூட்டியே தெரிந்த டப்பாவுக்குத்தான் அந்த அறிவியல் பொறுப்பேற்கும். விளம்பரங்களில் இந்த இரண்டு நிபந்தனைகளும்தான் விட்டுப்போகின்றன.

ஒளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய செய்தி. 1877இல் டவுன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சத்துக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். வெயில் பட்ட குழாய்கள் தெளிவாக இருந்தன, வெயில் படாமல் மறைத்தவை கலங்கிப்போயின. எந்த அலைநீளம் எவ்வளவு கொல்கிறது என்று 1930இல் அமெரிக்காவின் ஃபிரடெரிக் கேட்ஸ் அளந்து காட்டினார். உச்சம் 265 நானோமீட்டர் அருகே வந்தது. டிஎன்ஏ மிகுதியாக ஒளியை உறிஞ்சுவதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். டிஎன்ஏ இழையில் தைமின் என்ற அலகுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் இந்த ஒளி பட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் நகலெடுப்பு முட்டி நிற்கும். கிருமி பெருக முடியாது. பாதரச ஆவி விளக்கு தன் புற ஊதா ஒளியில் பெரும்பகுதியை 254 நானோமீட்டரில், அதாவது உச்சத்துக்கு வெகு அருகில், உமிழ்வது நம் அதிர்ஷ்டம். சூரியனிலிருந்தும் இதே கதிர் கிளம்புகிறது, ஆனால் வளிமண்டலம் அதைத் தரைக்கு விடுவதில்லை. ஊறுகாய் ஜாடியை வெயிலில் காயவைக்கும்போது வேலை செய்வது சூடும் உலர்வும், தரைவரை வந்துசேரும் வேறு வகைப் புற ஊதாக் கதிர்களும்தான்.

இங்கே கணக்கு ஒன்று இருக்கிறது, முழு விவகாரமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒளியின் செறிவை நேரத்தால் பெருக்கினால் வருவது டோஸ். குடிநீர்ச் சுத்திகரிப்பில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல். விளக்கொளி ஒரு பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிவாட் விழுந்தால் 20 விநாடியில் அந்த டோஸ் கிடைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட டோஸ் 90 சதவீதக் கிருமிகளை முடக்கினால், இரண்டு மடங்கு 99 சதவீதத்தை முடக்கும், ஐந்து மடங்கு 99.999 சதவீதத்தை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் உணவு விதித்தொகுப்பு, உணவு படும் பரப்புகளுக்குக் கேட்பதும் இந்த 99.999தான். அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் எரியவிட்டால் போதாதா? போதாது. ஒளி போய்ச் சேரும் இடத்துக்குத்தான் இந்தப் பெருக்கல் செல்லும். கிருமிகளில் ஒரு சதவீதம் நிழலில் இருந்தால், ஒரு மணி நேரம் எரியவிட்டாலும் மொத்த விளைவு 99 சதவீதத்தைத் தாண்டாது. ஒரு லட்சம் கிருமியில் ஒன்று மிஞ்சலாம் என்று விதி சொல்கிற இடத்தில் ஆயிரம் மிஞ்சும்.

நிழல் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. சாதாரணக் கண்ணாடி 254 நானோமீட்டர் ஒளியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதனால்தான் விளக்குக் குழாயைக் குவார்ட்ஸில் செய்கிறார்கள். தண்ணீர் பாட்டில்களின் பெட் பிளாஸ்டிக்கும் தடுக்கும். ஆக, வெளியே விளக்கு எரிய உள்ளே ஒரு கண்ணாடி ஜாடியை மூடி வைத்தால் ஜாடியின் வெளிப்புறம் மட்டும் சுத்தமாகும். மூடியைத் திறந்து வாயை விளக்குக்கு நேரே காட்டினாலும், ஒளி அடிப்பகுதியில் விழும், பக்கச் சுவரை உரசிக்கொண்டு போகும். சுவரோடு 10 பாகைக் கோணத்தில் வரும் ஒளி, நேராக விழுந்தால் கொடுத்திருக்கும் டோஸில் ஆறில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். 20 விநாடி 2 நிமிடமாகிறது. மூடியின் மரை, ரப்பர் வளையத்தின் அடி, பிளாஸ்டிக் டப்பாவில் கத்தி கீறிய தடம் ஆகியவற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கே போட முடியாது. எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த மாவும் அவையே சின்னச் சின்னக் குடைகள்தான். அவற்றின் கீழே இருக்கும் கிருமிக்கு ஒளி எரிகிற செய்தியே எட்டாது. இன்னொன்று, போன வாரம் டப்பாவில் நிலக்கடலை இருந்திருந்தால் அதன் தூள் ஒட்டியிருக்கும். சில விநாடி ஒளி அந்தப் புரதத்தை அகற்றாது. கடலை ஒவ்வாமை உள்ளவருக்குக் கிருமியைவிட அந்தத் தூள்தான் ஆபத்து. தேய்த்துக் கழுவினால்தான் அது போகும்.

மருத்துவமனைகளே புற ஊதாக் கருவிகளை நம்புகின்றனவே என்று கேட்கலாம். நம்புகின்றன, ஊழியர்கள் அறையைத் துடைத்து முடித்த பிறகு கருவியை உருட்டி வருகிறார்கள், கட்டிலின் மறுபக்க நிழலுக்காக இடம் மாற்றி வைத்து மறுபடி ஓட்டுகிறார்கள். முன் சொன்ன உணவு விதித்தொகுப்பும் கிருமி நீக்கத்தை, கழுவிய பரப்பின் மீது செய்யும் வேலையாகத்தான் வரையறுக்கிறது. அந்த வரையறையில் வெப்பமும் வேதிப்பொருளும் உண்டு, ஒளி இல்லை. பெட்டிக்குள் தெரியும் நீல வெளிச்சத்தை நம்புவதும் வீண். அது பாதரசத்தின் பக்க உமிழ்வு; கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பழசாகிக் கொல்லும் கதிர் மங்கிய பிறகும் நீலம் அப்படியே தெரியும். மலிவான சில பெட்டிகளில் இருப்பது 400 நானோமீட்டரையொட்டிய ஊதா எல்இடி மட்டுமே. அழகாக ஒளிரும், 254 செய்கிற வேலையைச் செய்யாது.

அப்படியானால் சுடுதண்ணீர் போதுமே, விளக்கு எதற்கு? நியாயமான கேள்வி. வணிகப் பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் பல, கடைசி அலசலுக்கு 82 டிகிரி செல்சியஸ் தண்ணீர் பாய்ச்சுகின்றன. சமையற்கூடத்தில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் மளிகையில் ஈரமே எதிரி. அரிசி, மாவு, மிளகாய்த்தூள் போடும் ஜாடியில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முந்தின நாள் கழுவி உலர்த்திய ஜாடி அலமாரியில் தூசியும் கைபட்ட அழுக்கும் வாங்கியிருக்கும்போது, அதை மறுபடி நனைக்காமல் கடைசியாக ஒருமுறை துப்புரவாக்க ஒளியைவிட வசதியானது குறைவு. அதில் நாற்றம் இல்லை, எச்சம் இல்லை, காத்திருப்பும் இல்லை. பூஞ்சை வித்துகளில் சில, குறிப்பாகக் கருநிறமானவை, குடிநீர் டோஸைப்போலப் பல மடங்கு கேட்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே வாடிக்கையாளர் வீட்டிலிருந்து கொண்டுவரும் டப்பாக்களுக்கு இந்தப் பெட்டி பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒரு நிழல். பொருந்துவது கடையே முன்பணம் வாங்கிக் கொடுத்துத் திரும்பப் பெறும் அகலவாய் ஜாடிக்கு. பிரெஞ்சுச் சட்டமும் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளைச் சுத்தமான கலன்களைத் தாங்களே வைத்திருக்கச் சொல்கிறது. வடிவம் ஒன்றுதான் என்றால், சுவரிலும் அடியிலும் மரையிலும் டோஸ் காட்டும் அட்டைகளை ஒட்டி ஒருமுறை சோதித்து, மிகக் குறைவாக ஒளி பெறும் இடத்துக்கு எத்தனை விநாடி தேவை என்று நிர்ணயித்துவிடலாம். உள்ளே ஓர் உணரி, கதவைத் திறந்தால் அணையும் சுவிட்ச் (இந்தக் கதிர் சில விநாடிகளிலேயே கண்ணைப் புண்ணாக்கக் கூடியது), விளக்கு எரிந்த மணிநேரக் கணக்கு, இவ்வளவும் வேண்டும். அப்படி அமைக்கும் கடையில் பெட்டியைக் கல்லாப் பக்கத்தில் காட்சிக்கு வைக்க அவசியமில்லை. கழுவும் தொட்டிக்கும் ஜாடிகளை அடுக்கும் ரேக்குக்கும் நடுவே வைத்தால் போதும்.