மழைக்காலமும் நம் வீட்டு அடுப்பும்



நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது. குளிர் என்று நாம் சொல்வதெல்லாம் மழைக் குளிர்தான். புக்கிட் தெங்கா, ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். சுமத்திராப் பக்கமிருந்து கிளம்பும் காற்றும் மழையும் பல நாள் விடியுமுன்பே வந்து அடிக்கும். பால்மரம் வெட்டுகிற நேரமும் அதுதான். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் உள்ள பால் தண்ணீரோடு போய்விடும். செம்பனைக் காட்டிலும் குலை வெட்டுவது தடைப்படும். கைக்கு வரும் காசு குறையும்.

இதே சமயத்தில் தீபாவளியும் வருகிறது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும். எதைக் குறைத்துச் செலவைச் சமாளிப்பது? துணியைக் குறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். சோற்றுச் சட்டியைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே நம் வீடுகளில் முதலில் குறைவது கறி, பருப்பு, கீரைதான். காலையில் பிஸ்கட்டும் இனிப்புத் தேநீரும், மத்தியானம் சோறும் ரசமும், ராத்திரிக்குப் பிள்ளைகளுக்கு ஒரு மேகி பாக்கெட் என்று இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் குடும்பங்களிலும் இதே கதைதான். வயிறு என்னவோ நிறைகிறது. ஆனால் உடம்புக்கு அதில் ஒன்றும் சேருவதில்லை.

நான் செய்த தவறு

ஒரு மழைக்காலத்தில் பால்வெட்டுக்குப் போகும் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். தலைசுற்றல், ஏறு மேட்டில் நடந்தால் மூச்சு வாங்கல். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உட்பக்கம் வெளுத்துக் கிடந்தது. இரத்தச் சோகை என்று சொல்லி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தார். இமை அதே வெளுப்பு.

“மாத்திரை போட்டீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“தவறாமப் போட்டேன் ஐயா. காலைல வேலைக்குப் போறப்ப தேத்தண்ணியோட முழுங்கிருவேன்.”

“ராத்திரி என்ன சாப்பிடறீங்க?”

“அவரும் பிள்ளைங்களும் சாப்பிட்ட பெறகு சட்டில என்ன இருக்கோ, அதுதான். மழை நாள்ல கொழம்புத் தண்ணிதான் இருக்கும்.”

இந்த இரண்டு கேள்வியையும் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. ஒரு மாதமாக அந்த அம்மா விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதி வீணாகியிருக்கும். கேட்காமல் விட்டது என் தவறு. அதன் பிறகு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் இரண்டையும் கேட்கிறேன்.

மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள். தேநீர், காப்பி எல்லாம் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கீரை, பயிறு சாப்பிட்ட கையோடும் தேநீர் வேண்டாம். அதற்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு துண்டு கொய்யா கடியுங்கள். அந்தப் புளிப்பில் உள்ள வைட்டமின் சி, இரும்பு உடம்பில் சேர உதவும்.

பச்சரிசியை மென்று தின்ன ஆசை வருகிறதா? மண், சாம்பல் மணத்தால் நாக்கு ஊறுகிறதா? சிரித்துவிட்டுப் போகாதீர்கள். இரத்தச் சோகைக்கு அதுவும் ஓர் அறிகுறி. சோதித்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் சோற்றுக்கு ஒரு சரித்திரம்

ஏழை வீட்டுச் சாப்பாடு என்றால் சத்தில்லாதது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரி-பெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டனர். தோட்டங்களில் இருந்த தமிழர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் என்ன?

1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மறு பிரிவுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி தின்றவர்களில் பலருக்குப் பெரி-பெரி கண்டது. சிலர் இறந்தும் போயினர். புழுங்கல் அரிசி தின்றவர்கள் தப்பினார்கள். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் இதை உறுதி செய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி-1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டன் பூட்டன் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அவர்கள் உயிரைக் காத்தது. இன்றும் கடையில் புழுங்கல் அரிசி கிடைக்கிறது. வாரத்தில் சில நாளாவது அதை ஆக்குங்கள்.

ஐந்து பேருக்கு மழை நாள் கஞ்சி

வெட்டு இல்லாத நாளில் செய்து பாருங்கள். செலவு அதிகமில்லை.

புழுங்கல் அரிசி இரண்டு டம்ளர், பச்சைப் பயிறு ஒரு டம்ளர். பயிற்றை முந்தின ராத்திரியே ஊற வையுங்கள். மறுநாள் அரிசி, பயிறு, பத்துப் பல் பூண்டு, தட்டிய இஞ்சி எல்லாவற்றையும் நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேக விடுங்கள். ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை நன்றாக அலசிப் போடுங்கள். மிளகும் சீரகமும் பொடித்துச் சேருங்கள். இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு கை நிறைய முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறுங்கள். முதலிலேயே போட்டால் கீரையின் சத்துக் கெடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்; நெத்திலியிலேயே உப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தனியே உப்புச் சேர்க்க வேண்டாம். அடுப்பை விட்டு இறக்கிய பின் எலுமிச்சை பிழியுங்கள்.

புரட்டாசி விரதக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாமிசம் விடுவது உங்கள் பக்தி. ஆனால் மாமிசத்தை விட்டு வெறும் சோறும் ஊறுகாயுமாக ஒரு மாதம் இருந்தால் உடம்பு தாங்காது. நெத்திலி போடும் இடத்தில் தெம்பே துண்டுகளை வதக்கிப் போடுங்கள். தெம்பேயும் தவ்வும் சோயாவில் செய்தவை. உடம்பை வளர்க்கும் புரதச் சத்து நிறைந்தவை. பருப்பு, பயிறு, மொச்சை ஏதாவது ஒன்று தினமும் இலையில் இருக்கட்டும்.

கீரைக்குக் காசு வேண்டாம். மழைக்காலத்தில் முருங்கைப் போத்தை நட்டால் பிடித்துக்கொள்ளும். சாயோர் மானிஸ் குச்சியை ஒடித்துச் செருகினால் தழைக்கும். மாடி வீட்டில் இருப்பவர்கள் ஓட்டை வாளியில் கங்கோங் போடலாம். ஆனால் சாயோர் மானிஸை வேகவைத்தே சாப்பிடுங்கள். 1990-களில் தைவானில் உடம்பு மெலிய வேண்டுமென்று அதைப் பச்சையாகச் சாறு பிழிந்து நிறையக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

குழந்தைக்கு டின் பாலா?

மழை நாளில் காசு முடை வந்தால் கைக்குழந்தைக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. 1939-லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் இதைக் கொலை என்றே கண்டித்துப் பேசினார். இன்று கடையில் விற்கும் இனிப்பு டின்களில் பலவற்றில் சீனியும் செம்பனை எண்ணெயும்தான் அதிகம், பால் கொஞ்சம். அது தேநீருக்கு; குழந்தைக்கு அல்ல. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பிறகு மேலே சொன்ன கஞ்சியையே உப்பும் நெத்திலியும் சேர்க்குமுன் எடுத்து மசித்து, தாய்ப்பாலோடு ஊட்டுங்கள். கெட்டியாக இருக்கட்டும், தண்ணீராக இருந்தால் சின்ன வயிறு சத்தில்லாமலே நிரம்பிவிடும்.

ஆண்களுக்கு

இது சமையல் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். விடியுமுன் எழுந்து ஆக்கி வைத்து, உங்களோடு காட்டுக்கு வந்து, திரும்பிப் போய் மறுபடியும் ஆக்குகிறவர் உங்கள் வீட்டு அம்மா. ஆண்களைவிடப் பெண்களுக்கே இரும்புச் சத்து அதிகம் வேண்டும். மாதா மாதம் இரத்தம் போகிறது, பிள்ளை சுமக்கிறார்கள், பால் கொடுக்கிறார்கள். ஆனால் கடைசியில் சாப்பிடுகிறவர்களும் அவர்களே. இன்று ராத்திரி சோறு போடும்போது சட்டியை எட்டிப் பாருங்கள். முட்டையோ மீனோ எத்தனை துண்டு இருக்கிறது, எத்தனை தட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். அம்மாவின் தட்டையும் சேர்த்து எண்ணுங்கள். பங்கு போட்ட பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அந்தச் சகோதரி வீட்டில் இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். சில மாதத்தில் அவர் இமை சிவந்தது. அந்தத் தீபாவளிக்கு அவருக்குப் புதுச் சேலை இல்லை. “அடுத்த வருஷம் எடுத்துக்கலாம் ஐயா, இப்ப மேடு ஏறினா மூச்சு வாங்கல,” என்றார்.