அலைகளின் பாடு

நுழையும்முன்

கடலுக்குப் புறப்படும் படகில் வலை, டீசல், ஐஸ்கட்டி ஆகியவற்றோடு கம்பியில்லாக் கருவியும் இன்று ஏறுகிறது. புயலில் சிக்கியவரின் குரலை அது கரைக்குக் கொண்டுசேர்க்குமா? அக்கருவி எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

பழவேற்காட்டு ஏரியை வங்கக்கடலிலிருந்து பிரித்து நிற்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டா. செயற்கைக்கோள்களைச் சுமந்து ஏவுகலன்கள் எழும் அத்தீவை அடுத்து, ஏரியையும் கடலையும் நம்பி வாழும் மீனவக் குப்பங்கள் பல உள்ளன. இங்குள்ள மீனவர்களிடம் 'பாடு' என்றொரு மரபு உண்டு. ஏரியில் வலை கட்டுவதற்கு வாய்ப்பான இடங்கள் சிலவே. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என்பதை ஊரார் கூடி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். ஒருவருடைய பாட்டில் மற்றவர் இறங்குவதில்லை.

கண்ணுக்குப் புலப்படாத அலைக்கற்றையும் இவ்வாறு பகிர்ந்துகொள்ளப்படும் பொதுச்சொத்தே. நம் நாட்டில் அதனைப் பங்கிடும் பொறுப்பு, 1952இல் தோன்றிய கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவினுடையது. கடலில் ஆபத்து அழைப்புக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டது 156.8 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண். மீனவர் நாவில் அது 'சேனல் 16'. வீட்டு வைஃபை கருவிகள் பெரும்பாலும் இயங்கும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தலாம். குறைந்த திறனுள்ள வாக்கி-டாக்கிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை அவ்வாறே திறந்துவிடப்பட்டுள்ளது. உரிமம் வேண்டா என்பதால் ஒப்புதலும் வேண்டா எனக் கொள்வது பலரிடம் காணப்படும் பிழையான எண்ணம். பயன்படுத்துபவர் உரிமம் பெற வேண்டியதில்லை. ஆனால், கருவி தன் வகைக்குரிய ஒப்புதலைப் பெற்றிருத்தல் வேண்டும்.

இக்கட்டுப்பாடு ஏன் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 78.4 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் தரமற்ற பரப்பி ஒன்றைக் கருதுக. செம்மையாக வடிகட்டப்படாத பரப்பி தனக்குரிய அதிர்வெண்ணோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களிலும் ஆற்றலைக் கசியவிடும். 78.4இன் இருமடங்கு 156.8. அருகில் ஒருவர் அக்கருவியில் பேசிக்கொண்டிருந்தால், தொலைவிலிருந்து மெலிந்து வரும் ஆபத்துக் குரல் அவ்விரைச்சலில் மூழ்கிவிடக்கூடும். பேசுபவருக்கோ தாம் செய்த இடையூறு தெரியவே தெரியாது. ஆகவேதான் குற்றம் நிகழ்ந்தபின் தேடுவதைவிட, கருவி சந்தைக்கு வருமுன் சோதிப்பது முறையாயிற்று.

சோதனை நடைபெறும் எதிரொலியற்ற அறையின் சுவர்களில் அலைகளை உறிஞ்சும் கூம்புகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். வெளி அலை உள்ளே நுழையாது. உள் அலை சுவரில் பட்டுத் திரும்பாது. நடுவிலுள்ள மேடையில் கருவியைச் சுழற்றி, எத்திசையில், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு ஆற்றல் வெளிப்படுகிறது என்று அளப்பர். சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்துறையில் பணிபுரிகிறது. தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையும் சான்றிதழும் வேண்டும் என்னும் விதி 2017இல் வகுக்கப்பட்டு, 2019 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

தெரியுமா?
ஒப்புதல் விவரமின்றி வாக்கி-டாக்கிகள் இணையவழியில் விற்கப்படுவதைத் தடுக்க, நடுவணரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஒழுங்குமுறைச் சான்றிதழ் ஒரு கருவி பிறருக்குத் தீங்கு செய்யாது என்பதையே முதன்மையாக உறுதிசெய்கிறது. அக்கருவி தன்னை வாங்கியவருக்கு எவ்வளவு உதவும் என்பதைக் காட்டுவது செயல்திறன் சோதனை. இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர் கடலில் ஏமாற்றம் அடைவர்.

சேனல் 16 போன்ற அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை எட்டும் தொலைவு தோராயமாகக் கிலோமீட்டரில் கிடைக்கும். 4 மீட்டர் உயர ஆண்டெனாவுக்கு இது ஏறக்குறைய 8 கிலோமீட்டர். அத்தகைய இரு படகுகள் 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 49 மீட்டர் உயரக் கோபுரம் இருப்பின் தொலைவு 37 கிலோமீட்டர் ஆகும். இந்த எல்லையைத் திறன் கூட்டிப் பெரிதாகக் கடக்க இயலாது, உயரமே கைகொடுக்கும். உறையில் அச்சிட்ட கிலோமீட்டர் கணக்கை நம்புமுன் மாணவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

உப்புக்காற்றும் ஒரு தேர்வாளரே. உப்பு மூடுபனியில் கருவியை வைத்து அரிப்பைச் சோதிப்பர். 'ஐபி 67' என்னும் குறியீடு, தூசு புகாது என்பதையும் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பழுதாகாது என்பதையும் குறிக்கும்.

கரைக்கோபுரம் எட்டாத் தொலைவில் செயற்கைக்கோள் துணைநிற்கிறது. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைப் பரப்பி 2010 முதல் மீன்பிடிப் படகுகளில் பயன்பட்டு வருகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டுள்ளன. பொத்தானை அழுத்தினால், படகின் அடையாளமும் இருப்பிடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு நிலையத்தை அடைந்து, கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குச் செல்கின்றன. இருப்பினும் ஒரு குறை இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைப் படகிலிருப்பவர் அறிய வழியில்லை. அலையின் வலிமையை மட்டும் அளக்கும் ஆய்வுக்கூடம் இக்குறையைக் காணாது. இருளில், கவிழும் நிலையிலுள்ள படகில் காத்திருப்பவரே உணர்வார். அதனால் இரண்டாம் தலைமுறைக் கருவியில், 'அழைப்பு கிடைத்தது' என்னும் மறுமொழி படகுக்கே திரும்பி வருமாறு இஸ்ரோ வடிவமைத்தது.